88 கிலோ உடம்பு, 34 லிட்டர் பலகை: அலை ஏன் என்னைத் தாண்டிப் போகிறது?

மேலூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36, உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 88 கிலோ. மதுரை கீழமாசி வீதியில் மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அலைச்சறுக்கு கற்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. சனிக்கிழமை இரவு கடை அடைத்ததும் புனலூர் ரயிலில் ஏறினால் காலையில் வர்க்கலா. ஞாயிறு மாலை கிளம்பினால் திங்கள் காலை மதுரை. ஜூன் பிறந்து அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிட்டால் கோவளத்துக்குப் போவோம். கேரளத்துக் கோவளம் அல்ல, சென்னைக்குத் தெற்கே இருப்பது. மாதத்துக்கு ஒரு பயணம்தான் கட்டுப்படியாகிறது.

கூட வருபவன் என் மாமா மகன். 24 வயது, 56 கிலோ, ஒட்டடைக் குச்சி போல இருப்பான். இருவரும் ஒரே நாளில்தான் தொடங்கினோம். முதலில் வாடகைக்கு எடுத்த 9 அடி ஃபோம் பலகையில் நுரை அலையில் (உடைந்து நுரையாகக் கரைக்கு வரும் அலை) நின்று பழகினோம். மூன்றாவது பயணத்திலேயே இருவருக்கும் நிற்க வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் பாதிப் பாதிப் பணம் போட்டு ஒரு பழைய பலகை வாங்கினோம். 6 அடி 2 அங்குலம், கண்ணாடியிழை, அடியில் 34 லிட்டர் என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. அதை வாங்கியதற்கு முக்கியக் காரணம், உறையில் போட்டால் பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோக முடியும் என்பதுதான். 9 அடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் எந்த பஸ்ஸில் ஏறுவது?

அதன் பிறகு 9 பயணங்கள் ஆகிவிட்டன. அவன் இப்போது உடையாத அலையில் இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, அலைச் சுவரை ஒட்டி ஓடுகிறான். நான் நுரை அலைக்கே போராடுகிறேன். கணக்கு எழுதுகிற பழக்கத்தில் போன முறை எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து 40 அலைகளுக்குக் கைவீசினேன். பிடித்தது 3. மூன்றிலும் எழும்போதே முன்முனை தண்ணீருக்குள் போய்க் கவிழ்ந்தேன். மற்ற 37 அலைகளும் எனக்கு அடியில் புகுந்து கரைக்குப் போய்விட்டன. "அத்தான், இன்னும் வேகமாகக் கையைப் போடுங்கள்" என்று அவன் கத்துகிறான். அதற்கு மேல் வேகமாகப் போட என் கையில் வலு இல்லை.

நீச்சல் எனக்குப் புதிதல்ல. அப்பா சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டபோது எனக்கு ஏழு வயது. தண்ணீரைக் கண்டு பயமே கிடையாது. ஆனால் கற்றுக்கொடுக்கும் ஒருவர், "20 கிலோ குறைத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இன்னொருவர், "உனக்கு நீளப் பலகைதான் சரி, அது வயதானவர்கள் விளையாட்டு" என்றார். இரண்டும் மனதில் தைத்துவிட்டன.

என் கேள்வி இதுதான். தடை என் உடம்பா, பலகையா, பழக்கமா? குட்டைப் பலகையை விட்டுவிட்டால் பின்வாங்குவது போல ஆகாதா?

சிலம்பக்கூடம் எழுதியது:

அண்ணன், விட்டுவிடாதீர்கள். நானும் மதுரைதான். எனக்கு 62 கிலோ. குட்டைப் பலகையில்தான் கற்றேன், ஆறு மாதம் அடி வாங்கினேன், பிறகு வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டி நடந்தபோது நேரில் போய்ப் பார்த்தேன். நம் நாட்டு ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். அவ்வளவு சிறிய பலகையில் அலையின் உச்சிக்குப் போய் அவர்கள் திரும்புகிற திருப்பத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நீளப் பலகையில் மனம் போகாது.

கால் வைப்பது பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். சிலம்பத்தில் நாங்கள் காலை அகட்டி, எடையை இரண்டு காலிலும் பரப்பி நிற்போம். அதே நிலையைப் பலகையில் வைத்தபோது எனக்குத் திரும்பவே வரவில்லை. பின்னங்கால் முட்டியை உள்பக்கமாக மடித்து, மார்பை அலை ஓடும் பக்கம் திருப்பிய பிறகுதான் பலகை பேச்சைக் கேட்டது. நீங்கள் எழும்போதே கவிழ்கிறீர்கள் என்றால் பார்வை கீழே பலகை மேல் இருக்கிறது என்று பொருள். கரையைப் பாருங்கள்.

இழைப்புளி எழுதியது:

மேலூர்த் தம்பிக்கு. எனக்கு 52 வயது. சொந்த ஊர் திருமங்கலம், குலத்தொழில் மரவேலை. பெண் எடுத்தது மணப்பாட்டுப் பக்கம், இருபது வருடமாக அங்கேயே ஃபைபர் வள்ளங்களுக்குப் பழுது பார்க்கிறேன். சில வருடங்களாக அலைச்சறுக்குப் பலகைகளும் என் கொட்டகைக்கு வருகின்றன. உடைந்த பலகையை அறுத்து உள்ளே பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் கணக்கு, நீங்கள் கணக்குப்பிள்ளை என்பதால். 34 லிட்டர் பலகை என்றால், முழுதாக அமுக்கினால் 34 லிட்டர் தண்ணீரை விலக்கும், ஏறக்குறைய 34 கிலோவைத் தாங்கும். அதில் பலகையின் சொந்த எடை போக மீதிதான் உங்களுக்கு. உங்கள் மாமா மகனுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.6 லிட்டர் கிடைக்கிறது. உங்களுக்கு 0.39. இந்த 0.39 யாருடைய அளவு தெரியுமா? ஆண்டுக்கணக்கில் தினமும் கடலில் கிடக்கிற போட்டிக்காரர்களின் அளவு. அவன் பழகுகிறவனின் பலகையில் படுத்திருக்கிறான், அதே பலகை உங்களுக்குக் கீழே வந்ததும் வீரனின் பலகையாக மாறிவிடுகிறது. அவனுக்குச் சமமாக மிதக்கவே உங்களுக்கு 53 லிட்டர் வேண்டும். நிம்மதியாகக் கற்க, உங்கள் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை லிட்டர். நீங்கள் வாடகைக்கு எடுத்த 9 அடி ஃபோம் பலகை அந்த அளவில்தான் இருந்திருக்கும். அதில் மூன்றே பயணத்தில் நின்றீர்கள் அல்லவா? அப்போதும் 88 கிலோதானே இருந்தீர்கள்?

அடுத்த முறை கடலில் ஒரு சோதனை செய்யுங்கள். அலை இல்லாத இடத்தில் பலகை மேல் குப்புறப் படுத்து, கையை அசைக்காமல் இருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பலகையின் மேற்பரப்பு முழுவதும் மூழ்கி, விலாவுக்குத் தண்ணீர் வந்தால் நீங்கள் பலகையின் மேல் இல்லை, பலகையோடு சேர்ந்து தண்ணீருக்குள் இருக்கிறீர்கள். அந்த நிலையில் ஒவ்வொரு கைவீச்சும் உங்களை முன்னே தள்ளுவதற்கு முன் தண்ணீரைக் கிழிக்க வேண்டும். அலை வரும் நேரத்தில் அதன் வேகத்தை ஓரளவாவது நீங்கள் எட்டியிருந்தால்தான் அது உங்களை ஏற்றிக்கொள்ளும். ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு கம்பியைப் பிடிக்க முடியாது.

பலகையைத் தரையில் வைத்துப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், ஆசாரி பலகையின் நேர் பார்ப்பது போல. முன்முனை எவ்வளவு மேலே வளைந்திருக்கிறது? குட்டைப் பலகைகளில் இந்த முன்வளைவு அதிகம். செங்குத்தாக எழுந்து உடைகிற அலையில் மூக்கு குத்தாமல் இறங்கத்தான் அந்த வளைவு. சாய்வான மந்த அலையில் அதே வளைவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். நம் கிழக்குக் கடலில் பெரும்பாலான நாட்களில் வருவது பக்கத்துக் காற்று எழுப்புகிற அலைதான். அடுத்தடுத்து நெருக்கமாக வரும், உள்ளே தள்ளும் விசை குறைவு. அதற்கு நீளமும் தட்டையான அடிப்பாகமும் வேண்டும். வர்க்கலாவில் நல்ல நாளில் விசை கூடுதல் என்றாலும், தொடக்கக்காரர்களை நிறுத்துகிற இடத்து அலைக்கும் இதே கதைதான்.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் சைமன் ஆண்டர்சன் என்று ஒருவர். ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு. அவர் காலத்தில் எல்லோரும் அடியில் இரண்டு ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு) வைத்த சின்னப் பலகையில் ஆடினார்கள். இலகுவான உடம்புக்காரர்களுக்கு அது அமைந்தது. இவர் அழுத்தித் திருப்பினால் வால் வழுக்கிக்கொண்டு போனது. அவர் என்ன செய்தார்? பலகை செய்பவர் என்பதால், 1980-இல் நடுவில் மூன்றாவது ஃபின் ஒன்றைச் சேர்த்துத் தன் உடம்புக்குப் பலகையைச் செய்துகொண்டார். 1981-இல் பெல்ஸ் பீச் போட்டியில் பெரிய அலையில் அந்தப் பலகையோடு வென்றார். இன்று உலகம் முழுவதும் குட்டைப் பலகை என்றால் பெரும்பாலும் மூன்று ஃபின்தான், உங்கள் பலகையையும் திருப்பிப் பாருங்கள். ஒரு கனத்த மனிதன் பலகையைத் தன் உடம்புக்கு மாற்றியதால் வந்தது அது. அதனால் 20 கிலோ குறைத்துவிட்டு வா என்று சொன்னவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு அதைப் படித்ததும் கோபம் வந்தது.

சிலம்பக்கூடத் தம்பி அனுபவத்தைச் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் 62 கிலோ. ஆறு மாதம் என்கிறார், எத்தனை நாள் கடலில் இருந்தார் என்று சொல்லவில்லை. மேலூர்த் தம்பிக்கு மாதம் ஒரு நாள்தான். ஒரு அலையில் 5 வினாடி நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். 3 அலைக்கு 15 வினாடி. ஒரு மாதத்தில் 15 வினாடி சைக்கிள் மிதித்து யாராவது சைக்கிள் கற்க முடியுமா? 9 அடிப் பலகையில் 25 அலை பிடித்து ஒவ்வொன்றிலும் 10 வினாடி நின்றால் 250 வினாடி. கடலுக்குத் தொலைவில் இருப்பவர்களுக்கு நின்ற நேரம்தான் காசு. அதைச் சேர்த்துத் தருகிற பலகையே நல்ல பலகை.

பஸ் பிரச்சினை உண்மைதான். நீளப் பலகையை வாங்க வேண்டாம், போகிற இடத்தில் வாடகைக்கு எடுங்கள். குட்டைப் பலகையை மாமா மகனிடமே விட்டுவிடுங்கள். பிறகு ஒரு நாள் உடையாத அலையில் பத்துக்கு ஏழு பிடிக்கிறீர்கள் என்றால் 8 அடிக்கு இறங்குங்கள், அதன் பிறகு 7 அடி. ஒரேயடியாக மூன்றடி குறைத்ததுதான் நடந்த தப்பு.

கடைசியாக ஒன்று. பழைய பலகை என்றால் ஃபின் பெட்டியைச் (ஃபின் பொருந்தியிருக்கும் குழி) சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

தெப்பக்குளத்துக் கரை எழுதியது:

இழைப்புளி அண்ணன் பலகையைப் பேசிவிட்டார். உடம்பைப் பற்றி நான் கொஞ்சம் பேசுகிறேன். பிசியோதெரபிஸ்ட், 44 வயது, உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 61. நீளப் பலகை மட்டுமே ஓட்டுகிறேன்.

தம்பி, உங்கள் கேள்வியில் கிணறு என்ற சொல் வந்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. நானும் சோழவந்தானில் கிணற்று நீச்சல்தான். குதிப்போம், நாலு கை போடுவோம், படியைப் பிடித்துக்கொள்வோம். மூச்சும் தைரியமும் வரும், ஆனால் நீண்ட நேரம் ஒரே சீராகக் கைவீசத் தெரியாது. கடலில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போகவே பத்து நிமிடம் கைவீச வேண்டியிருக்கும். அங்கே போய்ச் சேரும்போதே தோள் ஓய்ந்துவிட்டால், அலை வரும்போது வேகமாகப் போட என்ன மிச்சம் இருக்கும்? ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்தில் வாரம் மூன்று நாள், வேகம் பார்க்காமல், நிற்காமல் நீந்துங்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும். எடை தானாக இரண்டு கிலோ குறைந்தால் குறையட்டும், அதை இலக்காக வைக்காதீர்கள்.

இரண்டாவது முதுகு. நாள் முழுவதும் கணக்குப் புத்தகத்தின் மேல் குனிந்திருப்பவர்களுக்கு மேல்முதுகு இறுகிப்போகும். பலகையில் படுத்து மார்பை நிமிர்த்த முடியாது. நிமிராவிட்டால் எடை முன்னே விழும், மூக்கு குத்தும். சிலம்பக்கூடத் தம்பி பார்வை என்றார், சரிதான். ஆனால் கழுத்தை மட்டும் தூக்கி அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். நெஞ்செலும்பு பலகையை விட்டு எழ வேண்டும். தினமும் தரையில் குப்புறப் படுத்து, உள்ளங்கை ஊன்றாமல் நெஞ்சை மட்டும் தூக்கி இருபது எண்ணும் வரை இருங்கள்.

மூன்றாவது, வயிறு. கூச்சப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அதே சிக்கல்தான். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு முன்னங்காலை நேராக நெஞ்சுக்கு அடியில் இழுக்க வரவில்லை, வயிறு இடித்தது. அதனால் முட்டி போட்டு எழுந்தேன், முட்டி போட்ட மறுகணமே பலகை ஆடிவிடும். வழி இதுதான்: கையை ஊன்றி எழும்போதே இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கால் அடியில் வராமல் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டு வரும், வயிறு தடுக்காது. நிலத்தில் பாய் விரித்து ஐம்பது தடவை செய்யுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்றால் உங்கள் இடுப்பு மூட்டு அதற்கு நன்றாகவே வளையும். நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள் இதற்கு மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள்.

"வயதானவர்கள் விளையாட்டு" என்றவருக்கு நீளப் பலகை ஓட்டத் தெரியாது என்று நினைக்கிறேன். அலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு காலைத் தாண்டி மறுகாலை வைத்து முன்முனை வரை நடந்துபோய், விரல்களை விளிம்புக்கு வெளியே நீட்டி நின்று, விழாமல் திரும்பி வர வேண்டும். நான் இரண்டு வருடமாக முயல்கிறேன், நான்கு அடி எடுத்து வைக்கிறேன், ஐந்தாவது இன்னும் வரவில்லை. விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போகும்போது நடைபாதையின் ஓரக் கல் மேல் அந்த நடையைத்தான் பழகுகிறேன். முட்டி மடங்கியபடியே, தலை மேலும் கீழும் ஆடாமல், கால் மாற்றி வைக்க வேண்டும். தலையில் குடம் வைத்து நடந்த பெண்களுக்கு இது சட்டென்று புரியும்.

குடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 9 அடிப் பலகையை என் கை சுற்றிப் பிடிக்காது. துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துத்தான் கடலுக்குக் கொண்டுபோகிறேன். உங்களுக்கு உயரம் இருக்கிறது, ஆனாலும் மணலில் தூரம் நடக்க வேண்டும் என்றால் இதைச் செய்து பாருங்கள், தோளை மிச்சம் பிடிக்கலாம்.

மேலூர்க்காரன் எழுதியது:

அண்ணன், அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். போன ஞாயிறு வர்க்கலாவில் அந்தச் சோதனையைச் செய்தேன். பலகை கண்ணுக்கே தெரியவில்லை, விலா வரை தண்ணீர். மாமா மகன் படுத்தபோது மேற்பரப்பின் முன்பாதி காய்ந்தே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவனே, "அத்தான், இத்தனை நாள் உங்களைப் பார்த்துக் கத்தியது தப்பு" என்றான்.

மதியத்துக்கு மேல் 9 அடி ஃபோம் பலகை வாடகைக்கு எடுத்தேன். 16 அலை பிடித்தேன். அதில் ஒன்று உடையாத அலை. இடுப்பைத் திருப்பி எழுந்தேன், முட்டி போடவில்லை. பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போனேன். அடியில் தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

இன்னொன்று. அண்ணன் சொன்னபடி குட்டைப் பலகையின் ஃபின் பெட்டியைத் தடவிப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு விரிசல், அதைச் சுற்றி டீக்கறை மாதிரிப் பழுப்பு. கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வருகிறது, நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கிறது. விற்றவர் இதைச் சொல்லவில்லை. பலகை இனி அவனுடையது என்று பேசிவிட்டோம், இருந்தாலும் சரிசெய்து கொடுக்க விரும்புகிறேன். மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தால் போதுமா?

இழைப்புளி எழுதியது:

வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். மதுரை மொட்டை மாடிச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரமும் காற்றும் விரிந்து, கண்ணாடியிழைத் தோல் உப்பிக் கிளம்பிவிடும். பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது. கால் வழுக்காமல் மேலே பூசியிருக்கும் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, நிழலான காற்றோட்டமான இடத்தில், விரிசல் இருக்கும் வால்பக்கம் கீழே வரும்படி சுவரில் சாய்த்து வையுங்கள். கீழே ஒரு பழைய துணி. துணி ஈரமாவது நிற்கும் வரை, இரண்டு மூன்று வாரம் ஆனாலும் பொறுங்கள். தினமும் காலையில் துணியைப் பிழிந்து பாருங்கள்.

ஒட்டுவதற்கு முன் பலகைக்கு உள்ளே இருக்கும் நுரை (ஃபோம்) எது என்று தெரிய வேண்டும். விரிசலைக் கொஞ்சம் திறந்தால், தெர்மோகோல் போல உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் எப்பாக்சி ரெசின் (இறுகும் பசை) மட்டும்தான். வள்ளத்துக்குப் பூசுகிற பாலியெஸ்டர் ரெசினை அதில் ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். மாவு போல நெருக்கமாக, மஞ்சள் பாய்ந்து இருந்தால் பாலியெஸ்டர் போதும். சந்தேகமாக இருந்தால் கைவைக்காமல் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து மணப்பாட்டுக்குப் பஸ் இருக்கிறது. 6 அடிப் பலகைதானே, பஸ்ஸில் வரும் என்றுதானே வாங்கினீர்கள்.